எம்.டி.யா, எம்.பி.எச்.சா, முதலில் வேலையா? பொது சுகாதாரம் படிக்க நினைக்கும் இளம் மருத்துவர்களுக்கு

ஹவுஸ் சர்ஜன் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த வருடம் மூன்று பேர் கேட்டார்கள். பழைய ஜெயில் ரோட்டில் ஒரு டீக்கடையில், நைட் டியூட்டி முடித்த சிவந்த கண்களோடு நின்றுகொண்டு, “அக்கா, எனக்கு எஸ்.பி.எம். பிடிச்சிருக்கு. ஆனா எம்.டி. பண்றதா, எம்.பி.எச். பண்றதா, வெளிநாடு போறதா, ஒண்ணும் புரியல” என்றாள் ஒருத்தி. எஸ்.பி.எம். என்பது கம்யூனிட்டி மெடிசின், அதாவது சமூக மருத்துவத்தின் பழைய பெயர்; எம்.பி.எச். என்பது பொது சுகாதார முதுநிலைப் பட்டம். அவள் கொருக்குப்பேட்டைப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். உடன் வந்த தம்பி காசிமேடு, வீட்டில் முதல் பட்டதாரி. மூன்றாமவள் பெரம்பூர், அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், கொஞ்சம் சேமிப்பு உண்டு. மூவர் வீட்டிலும் ஒரே பேச்சு: “டாக்டருக்குப் படிச்சிட்டுக் கொசு மருந்து அடிக்கப் போறியா?”

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இது இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருடம் ஒப்பந்த மருத்துவராக இருந்துவிட்டு, அப்புறம் எம்.டி. கம்யூனிட்டி மெடிசின் முடித்தவள். நான் வந்த வழிக்கு ஒரு சாய்வு இந்தக் கட்டுரையில் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## இந்த வேலை எப்படி இருக்கும் என்பது முதலில்

அந்த நிலையத்தில் சேர்ந்த முதல் வருடம், ஒரே வாரத்தில் ஓ.பி.யில் பதினான்கு பேர் வயிற்றுப்போக்கோடு வந்தார்கள். முதல் ஐந்து பேருக்கு ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆறாவதாக வந்த பாட்டி, “எங்க சந்துல எல்லார் வூட்லயும் இதாம்மா” என்றார். அப்போதுதான் உறைத்தது. மதியம் சுகாதார ஆய்வாளர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தச் சந்தின் படம் வரைந்து, நோய் வந்த வீட்டுக்கெல்லாம் புள்ளி வைத்தோம். புள்ளிகள் சந்தின் கடைசி எட்டு வீட்டில் குவிந்தன.

மறுநாள் விடியற்காலை, தண்ணீர் விடும் நேரத்துக்குப் போனோம். குழாயில் அழுத்தம் குறைவு. வீட்டுக்கு வீடு அடிபம்பு வைத்து இழுக்கிறார்கள். அப்படி இழுக்கும்போது குழாயில் எங்கே விரிசல் இருக்கிறதோ அந்த வழியாகச் சுற்றியிருக்கும் சாக்கடை நீரும் உள்ளே வந்துவிடும். சந்து முனை வீட்டில் குளோரோஸ்கோப்பில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சளாக மாறியது, குளோரின் இருக்கிறது. கடைசி வீட்டில் விட்டுக் குலுக்கினேன். நிறமே வரவில்லை. அந்தப் பாட்டி என் கையிலிருந்த கண்ணாடிக் குழாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்த எண் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

குழாயைத் தோண்டி மாற்றினார்கள், நோய் நின்றது. ஆனால் நடுவில் பத்து நாள் வீணானது. அந்தப் புள்ளிகளை வைத்து எதைக் கணக்காக நிரூபிக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்குக் கடிதம் எழுதினால் தோண்டுவார்கள் என்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், ஒப்பந்த மருத்துவரின் கடிதத்துக்கு என்ன மதிப்பு? முதல் குறைக்கு எபிடெமியாலஜி, அதாவது நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று கணக்கிடும் துறை, படிக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் ஒரு பதவியும் அதற்குரிய சட்ட அதிகாரமும் வேண்டும்.

பொது சுகாதாரப் படிப்புகளில் சில நல்ல திறமையைக் கொடுக்கும். சில பதவிக்கு வழி விடும். இரண்டையும் ஒரே அளவில் தருகிற படிப்பு கிடைப்பது அரிது. உங்களுக்கு இப்போது எது அதிகம் தேவை என்பதிலிருந்துதான் இந்த ஒப்பீட்டையே தொடங்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

அங்கீகாரம். அந்தப் பட்டத்தை தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.) ஏற்கிறதா? மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர முடியுமா? அரசு சுகாதார அலுவலர் பதவிக்குச் செல்லுமா? பல பேர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள்.

பணம். கட்டணம் மட்டும் கணக்கில்லை. அந்த வருடங்களில் சம்பாதிக்காமல் விடும் தொகை, கடன் வட்டி, ஹாஸ்டல், வீட்டுக்கு அனுப்ப வேண்டியது எல்லாம் சேர வேண்டும். தங்கையின் காலேஜ் ஃபீஸ் உங்கள் தலையில் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் வரும். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

களம். எத்தனை நாள் வகுப்பறை, எத்தனை நாள் தெரு? கற்றுக்கொடுப்பவர்கள் கடைசியாக எப்போது ஒரு நோய்ப்பரவலை விசாரித்தார்கள்?

இடம். சென்னையிலேயே இருக்க வேண்டுமா, தமிழ்நாடு முழுக்கப் போகத் தயாரா, நாட்டை விட்டே போகும் எண்ணமா?

நோயாளியின் கை. நாடி பிடிப்பதை, ஸ்டெத் வைப்பதை விட்டுவிட முடியுமா? விட மனமில்லை என்றால் ஃபேமிலி மெடிசின் என்று தனியாக ஒரு துறை இருக்கிறது, அதைப் பாருங்கள். இதில் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

## எம்.டி. கம்யூனிட்டி மெடிசின்

மூன்று வருடம். நீட் பி.ஜி. எழுதி, அகில இந்திய ஒதுக்கீட்டிலோ மாநில ஒதுக்கீட்டிலோ கவுன்சலிங்கில் எடுப்பது. ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற இடங்களுக்கு ஐ.என்.ஐ.-செட் என்று தனித் தேர்வு. தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி. கம்யூனிட்டி மெடிசினும் மூன்று வருடம்தான். இந்த ஒப்பீட்டில் அதை எம்.டி.யோடு சேர்த்தே பார்க்கலாம்.

அங்கீகாரத்தில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு இதுதான் நேர்வழி. அரசுத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), உலக சுகாதார நிறுவனம் என்று எங்கே போனாலும் இந்தப் பட்டத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. படிக்கும் காலம் முழுக்க உதவித்தொகை வரும். ஆட்டோ ஓட்டுநர் மகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மூன்று வருடமும் வீட்டுக்கு ஏதாவது கொடுக்க முடியும். எல்லா எம்.டி. மாணவர்களும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை அல்லது மாவட்ட சுகாதார அமைப்பில் பணிபுரிய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மற்ற துறையினர் அதை ஒரு தடங்கலாக நினைப்பார்கள். நமக்கு அதுதான் பாடம்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. ரேடியாலஜி, டெர்மட்டாலஜிக்கு இருக்கிற அடிதடி இந்தத் துறைக்கு இல்லை. நடுத்தர ரேங்கிலும் நல்ல கல்லூரி கிடைக்க வாய்ப்பு உண்டு. அதனால் “வேற எதுவும் கிடைக்கல, எஸ்.பி.எம். எடுத்தேன்” என்று வருகிறவர்களும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். விரும்பி வருகிற உங்களை அது முதல் வருடம் மனதளவில் சோர்வடைய வைக்கும். முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இரண்டு. ஒன்று, நீட் பி.ஜி.க்காக வீட்டில் உட்காரும் வருடம். ஒரு வருடம் சரி. கம்யூனிட்டி மெடிசின்தான் வேண்டும் என்று தெளிவாக இருப்பவர் இரண்டாம் வருடமும், மூன்றாம் வருடமும் கோச்சிங்கில் உட்காருவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. இரண்டு, அரசுக் கல்லூரியில் படித்தால் பாண்ட். எத்தனை வருடம் அரசுப் பணி, மீறினால் எவ்வளவு என்பதெல்லாம் அவ்வப்போது மாறி வந்திருக்கிறது. அந்த வருடத்துக் கவுன்சலிங் கையேட்டை நீங்களே வரி வரியாகப் படியுங்கள், சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். நான் சொல்வதையும்தான்.

துறையைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஒரு கல்லூரிக்கு நான் கவுன்சலிங்குக்கு முன் நேரில் போய்ப் பார்த்தேன். களப்பணிக்கான பஸ் ஒன்பதரைக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்குத் திரும்பிவிட்டது. பி.ஜி. மாணவர்கள் மிச்ச நேரம் முழுக்கத் துறையின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். வேறொரு கல்லூரியில் ஒரு பி.ஜி. அக்கா கையில் சேறோடு வந்து, “இருங்க, லார்வா சாம்பிள் வச்சிட்டு வரேன்” என்றார். இரண்டாவதில்தான் சேர்ந்தேன். சேரும் முன் அங்கே படிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன மாதம் எத்தனை நாள் களத்தில் இருந்தீர்கள்?

## டி.பி.எச். படிப்பும் மாநிலப் பொது சுகாதாரத் துறையும்

தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியாது. நம் மாநிலத்தில் மருத்துவக் கல்விக்கு ஓர் இயக்ககம், மருத்துவப் பணிகளுக்கு ஓர் இயக்ககம், பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம். இப்படிப் பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்ககமும், தனி அலுவலர் வரிசையும், தனிச் சட்டமும் வைத்திருக்கிற மாநிலங்கள் மிகக் குறைவு. எல்லா மாநிலங்களிலும் பொது சுகாதாரத்துக்கென்று தனிப் பணி வரிசை வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. இங்கே அது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இருக்கிறது. சட்டம் 1939ல் வந்த மதராஸ் பொது சுகாதாரச் சட்டம். சுகாதாரக் கேடு விளைவிக்கும் ஒன்றை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் சுகாதார அலுவலருக்கு அதில்தான் வருகிறது. நான் காலண்டர் தாளோடு பத்து நாள் அலைந்தேனே, அந்த அதிகாரம் இருந்தவர் ஒரே நாளில் முடித்திருப்பார்.

இந்த வரிசையில் மேலே போக நினைப்பவர்கள் நெடுங்காலமாகப் படித்து வருவது டி.பி.எச்., பொது சுகாதாரத்தில் இரண்டு வருட டிப்ளமோ. இடங்கள் சொற்பம். நாடு முழுக்கப் பல டிப்ளமோ இடங்கள் பட்ட மேற்படிப்பு இடங்களாக மாற்றப்பட்டுவிட்டன. இருப்பதிலும் ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். அதனால் ஹவுஸ் சர்ஜன் முடித்த கையோடு “டி.பி.எச். சேரலாம்” என்று திட்டம் போடுவது சரிவராது. முதலில் அரசுப் பணி, அப்புறம் இது என்ற வரிசைதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மறைந்திருக்கும் விலை: இடமாற்றம். மாநகராட்சியில் நகர் நல அலுவலர் அலுவலகத்தோடு வேலை பார்க்கும் ஆசையில் சேர்ந்தாலும், வாழ்க்கையில் பாதியை வேறு மாவட்டத்தில் கழிக்க நேரலாம். டெங்கு காலத்தில் இரவு பதினோரு மணிக்குக்கூட ஃபோன் அடிக்கும். நோயாளியைத் தொடுவது குறைந்துகொண்டே போகும். கோப்பும் கூட்டமும் கூடும். வீட்டில் துணை இருப்பவர்கள், ஊர் மாறத் தயங்காதவர்கள், ஓர் அமைப்பை நகர்த்திப் பார்ப்பதில் சந்தோஷம் காண்பவர்கள் இதற்குச் சரியான ஆட்கள்.

## இந்தியாவில் எம்.பி.எச்.

இரண்டு வருடம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் 1997ல் தொடங்கியதுதான் நாட்டின் முன்னோடி எம்.பி.எச். படிப்பு. நம் பக்கத்திலேயே அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. 2001லிருந்து களத் தொற்றுநோயியல் பயிற்சி கொடுத்து வருகிறது, எம்.பி.எச்.சும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்., மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பட்டியல் நீளும்.

திறமை என்ற ஒரே அளவுகோலை வைத்தால் நல்ல எம்.பி.எச். ஒன்று சுமாரான எம்.டி.யைவிட மேல். இதை நான் எம்.டி. படித்தவளாகவே சொல்கிறேன். அயப்பாக்கத்துப் பயிற்சியின் அமைப்பே அப்படி: கொஞ்ச காலம் வகுப்பு, அப்புறம் களத்துக்குப் போய்த் தரவு சேகரி, திரும்பி வந்து அதை எல்லார் முன்னாலும் வை, கிழித்துத் தொங்கவிடுவார்கள், மறுபடி போ. வகுப்பில் பல் மருத்துவர், செவிலியர், சித்த மருத்துவர், புள்ளியியல் படித்தவர் எல்லாரும் இருப்பார்கள். டாக்டர் சொன்னால் சரி என்கிற பழக்கம் அங்கே செல்லுபடியாகாது. அது நமக்கு நல்லது.

அந்த மாதிரிப் பயிற்சியால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று 2022ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. இதில் மாநில அரசோடு தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து வேலை செய்கிறது. காசநோய் என்று தெரிந்த அன்றே எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு பார்க்கிறார்கள்; பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிக மோசமாக மெலிந்தவர்களையும், மூச்சுத் திணறுபவர்களையும், நிற்க முடியாதவர்களையும் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இதில் புது மருந்து இல்லை, ஸ்கேன் இல்லை. ஓர் எடை மெஷினும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும், ஒரு தாளும் போதும். இறப்பு யாருக்கு, எந்த நாட்களில் வருகிறது என்று தரவைப் பார்த்து யோசித்ததன் விளைவு அது. ஓட்டேரி மார்பு நோய் மருத்துவமனையில் போஸ்டிங் பார்த்தவர்களுக்கு, எலும்பும் தோலுமாக வந்து மூன்றாம் நாள் போய்விடுகிற நோயாளியைத் தெரியும். இந்தத் தாள் அவருக்கானது.

சென்னைக்கு இதில் பழைய வழக்கம் உண்டு. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நகரத்தின் ஏழை நோயாளிகளை சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. பலன் ஏறத்தாழ ஒன்றுதான் என்று தெரிந்ததும் உலகமே காசநோய் சிகிச்சையை மாற்றிக்கொண்டது. நெருக்கமான ஒண்டுக் குடித்தனங்களிலிருந்து கிடைத்த விடை அது.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல், கொடுங்கையூரில் குப்பைமேடு, மணலியில் ஆலைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள். “இந்த இருமலுக்குப் புகைதான் காரணமா டாக்டர்?” என்று என்னிடம் கேட்ட அம்மாக்களுக்கு எம்.பி.பி.எஸ். மூளையால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குச் சுற்றுச்சூழல் எபிடெமியாலஜி வேண்டும். காற்று மாசும் உடல்நலமும் என்பதில் ஸ்ரீ ராமச்சந்திராவின் வேலை உலக அளவில் தெரிந்தது. இந்தக் கேள்விதான் உங்களை அரிக்கிறது என்றால் அந்தப் பக்கம் பாருங்கள்.

சரி, குறை என்ன? எம்.பி.எச்.சை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரியில் கம்யூனிட்டி மெடிசின் ஆசிரியராக முடியாது, எம்.டி.க்குச் சமமாக அதை எடுத்துக்கொள்வதில்லை. கிடைக்கும் வேலைகளில் பெரும்பாலானவை ஒப்பந்த வேலைகள்: தேசிய சுகாதார இயக்கத்தின் ஆலோசகர், ஆராய்ச்சித் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள். திட்டப் பணம் நின்றால் வேலையும் நிற்கும். தனியார் நிறுவனங்களில் கட்டணம் லட்சங்களில் போகும், உதவித்தொகை பெரும்பாலும் இருக்காது. இன்னொன்று, நான் பட்டது: ஒரு தனியார் நிறுவனத்தில் இடத்தை உறுதி செய்ய முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். நீட் பி.ஜி.யில் இடம் கிடைத்துப் பின்வாங்கியபோது ஒரு ரூபாய் திரும்பவில்லை. அது அம்மாவின் சீட்டுப் பணம். திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்காமல் எங்கேயும் பணம் கட்டாதீர்கள்.

## வெளிநாட்டு எம்.பி.எச்.

லண்டன், பால்டிமோர், பாஸ்டன் என்று பெயர்களே இழுக்கும். ஒரு வருடத்தில் முடிகிற படிப்புகள், அருமையான ஆசிரியர்கள், உலகம் முழுக்க நண்பர்கள். இதில் மிகையில்லை.

கணக்கைப் பார்ப்போம். லண்டனில் ஒரு வருடத்துக்குக் கட்டணமும் தங்கும் செலவுமாக அரைக் கோடியை ஒட்டி வரும். அமெரிக்காவின் பேர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கோடியைத் தொடும். 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று போட்டால் மாதம் சுமார் 69,000 ரூபாய். தமிழ்நாட்டில் உதவி மருத்துவரின் அடிப்படைச் சம்பளம் 56,100ல் தொடங்குகிறது. அதாவது தவணை அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டுகிறது. இந்தக் கடனோடு திரும்பி வந்து வடசென்னையில் வேலை பார்க்க முடியாது. கடன்தான் உங்கள் ஊரையும் வேலையையும் முடிவு செய்யும்.

ஒரு பெரிய குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அங்கே எம்.பி.எச். முடித்தால் அங்கே மருத்துவராகப் பணி செய்யலாம் என்று இல்லை. அமெரிக்காவில் அதற்கு யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வும் ரெசிடென்சியும் தனி. பிரிட்டனில் அங்கத்திய மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி.யில் பதிவு தனி. ஏஜெண்டுகள் இதைத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள்.

இது சரியான தேர்வாகும் நிலை ஒன்று உண்டு: உதவித்தொகையோடு போவது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்கா போக ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகைக்கு மூன்று வருட அனுபவம். ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. வழியாகப் போகிற வளர்ச்சித் துறைப் படிப்புகளுக்கு இரண்டு வருடம். மூன்றிலும் வேலை அனுபவம் கேட்பதைக் கவனியுங்கள். ஹவுஸ் சர்ஜன் முடித்த உடனே போகிறவருக்கு இந்தக் கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கும். சொந்தப் பணமோ கடனோ மட்டும்தான் வழி. மூன்று வருடம் கழித்துப் போகிறவர் அதே வகுப்பில் செலவில்லாமல் உட்காரலாம், கேட்பதற்குக் கேள்விகளும் அவரிடம் இருக்கும். படித்த உடனே கடன் வாங்கி வெளிநாடு போவது இந்த ஐந்து வழிகளில் நான் வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்கிற ஒரே வழி.

## முதலில் வேலை, அப்புறம் படிப்பு

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி உதவி மருத்துவராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது, அல்லது ஒப்பந்தத்தில் நகர்ப்புற நிலையத்தில் சேர்வது. எம்.ஆர்.பி.யில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. ஆங்கில வழியில் படித்தவர்கள் அதை லேசாக நினைத்து மாட்டிக்கொள்வதுண்டு.

அரசுப் பணியில் நிரந்தரமாகச் சேர்ந்து குறிப்பிட்ட காலம் முடித்தவர்களுக்கு, மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் பாதி தனியாக உண்டு. 2020ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று சொன்ன பிறகு அது உறுதியானது. நீட் பி.ஜி. அவர்களும் எழுத வேண்டும், ஆனால் போட்டி வேறு. ஒப்பந்தப் பணிக்கு இந்தச் சலுகை கிடையாது. இது தெரியாமல் நான் இரண்டு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தேன். அனுபவம் கிடைத்தது, ஒதுக்கீடு கிடைக்கவில்லை.

ஆபத்தும் சொல்ல வேண்டும். சம்பளம் வர ஆரம்பித்ததும், மாலையில் ஒரு கிளினிக் போட்டதும், கல்யாணமும் ஆனதும், படிப்பு தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். என் பேட்சில் அப்படி நின்றவர்கள் பலர். மோசமாக வாழவில்லை, ஆனால் அவர்கள் நினைத்துப் புறப்பட்ட இடம் அது இல்லை. எந்த வருடம் தேர்வு எழுதுவீர்கள் என்று இப்போதே முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | எம்.டி./டி.என்.பி. | டி.பி.எச். | இந்திய எம்.பி.எச். | வெளிநாட்டு எம்.பி.எச். | முதலில் வேலை |
|---|---|---|---|---|---|
| காலம் | 3 வருடம் | 2 வருடம் | 2 வருடம் | பெரும்பாலும் 1–2 வருடம் | 2–3 வருடம், அப்புறம் படிப்பு |
| பணம் | உதவித்தொகை வரும் | பணியில் இருந்து போவது நல்லது | இடத்தைப் பொறுத்து. தனியாரில் லட்சங்கள் | அரைக் கோடி முதல் ஒரு கோடி | சம்பளம் வரும் |
| கல்லூரி ஆசிரியர் வேலை | முடியும் | டிப்ளமோ மட்டும் போதாது | முடியாது | முடியாது | பிறகு படிப்பதைப் பொறுத்து |
| களப் பயிற்சி | கல்லூரியைப் பொறுத்து | பதவியோடு சேர்ந்தது | நல்ல இடங்களில் மிக நன்று | நம் ஊர்க் களம் இல்லை | தினமும் |
| மறைந்த விலை | கோச்சிங் வருடம், பாண்ட் | இடமாற்றம் | ஒப்பந்த வேலைகள் | கடன் தவணை | படிப்பு தள்ளிப்போவது |
| யாருக்கு | இங்கேயே நிலைக்க நினைப்பவர் | அதிகாரத்தில் இருந்து மாற்ற நினைப்பவர் | ஆராய்ச்சி, திட்டப் பணி | உதவித்தொகை கிடைத்தவர் | இன்னும் தெளிவில்லாதவர் |

## அந்த மூவருக்கும் சொன்னது

காசிமேட்டுத் தம்பிக்கு எம்.ஆர்.பி. வீட்டில் சம்பளம் உடனே தேவை. அவனுக்கு மக்களோடு பேச வருகிறது. ஏலக் கூடத்தில் நின்றாலே நாலு பேர் வந்து ரத்த அழுத்தம் பற்றிக் கேட்கிறார்கள். பணியில் இருந்தபடி ஒதுக்கீட்டில் எம்.டி.யோ டி.பி.எச்.சோ எடுக்கட்டும். அவன் ஒரு நாள் சுகாதார அலுவலராக உட்கார வேண்டும் என்பது என் ஆசையும்கூட.

பெரம்பூர்ப் பெண்ணுக்கு எண்கள் பிடிக்கும், வெளிநாட்டுக் கனவும் உண்டு. அப்பாவின் ஓய்வுப் பணத்தை அதில் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அயப்பாக்கம் நிறுவனம் நடத்தும் இணையவழி ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பு இருக்கிறது, பி.ஜி. மாணவர்கள் எல்லாரும் முடிக்க வேண்டிய அதே படிப்பு. அதை இப்போதே படிக்கட்டும். இரண்டு மாதம் அந்தப் பாடங்களோடு உட்கார்ந்தும் சலிக்கவில்லை என்றால் ஏதாவது ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் மருத்துவராகச் சேரட்டும். இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு எம்.பி.எச்.சுக்கும் உதவித்தொகைக்கும் எழுதலாம்.

கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்குப் பாடம் எடுக்கப் பிடிக்கும். அவளுக்கு எம்.டி. ஒரே ஒரு முறை முழு மூச்சாக நீட் பி.ஜி. எழுது, கிடைக்கிற ரேங்குக்கு நல்ல களம் உள்ள கல்லூரியாகப் பார், ஊர் தள்ளி இருந்தாலும் போ என்றேன். “பிடிச்சிருக்குன்னு சொல்றேனே தவிர, உண்மையிலேயே பிடிக்குமான்னு எப்படிக்கா தெரியும்?” என்றாள். அவளுக்கு நான் இருந்த அந்தப் பழைய சந்தின் வழியைச் சொல்லியிருக்கிறேன். இப்போது அங்கே இருக்கும் சுகாதார ஆய்வாளரிடமும் பேசிவிட்டேன். வரும் செவ்வாய்க்கிழமை விடியற்காலை, தண்ணீர் விடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அவள் அங்கே இருக்க வேண்டும். குளோரோஸ்கோப்பை நான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.